வேலை விளம்பரத்துக்கு ஏற்ப ரெஸ்யூமைத் திருத்த ஏஐ சாட்பாட்: எந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் கொள்முதல் கணக்குகளைப் பார்த்துவரும் பி.காம் பட்டதாரி நீங்கள். சென்னையில் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் நிதிச் சேவை மையங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏற்ப ரெஸ்யூமைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து மாற்றி அனுப்பலாமா, அப்படி அனுப்பினால் கணினி வடிகட்டலைத் தாண்ட முடியுமா, ஏஐ எழுதியது என்று தெரிந்தால் நிராகரித்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நிதித்துறைப் பணியிடங்களுக்கு வரும் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பெரும்பாலானோர் செய்வதுபோல, பழைய ரெஸ்யூமையும் விளம்பரத்தையும் ஒட்டி, 'இதற்கு ஏற்ப மாற்றித் தா' என்று ஒரே வரியில் கேட்காதீர்கள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் எதுவானாலும் விளம்பரத்தின் மொழி அதற்கு நன்றாகத் தெரியும். நீங்கள் நான்கு ஆண்டுகளாக என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. தெரியாத இடத்தை அது வெறுமையாக விடுவதில்லை, தன் ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. எனவே செய்திகள் முழுவதும் உங்களிடமிருந்து வரவேண்டும். தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, சொற்களைச் செப்பனிடுவது ஆகியவற்றை மட்டும் அதனிடம் விடலாம். இந்தப் பிரிவினை எப்படி நடைமுறையில் அமையும் என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

முதலில், விண்ணப்பம் போய்ச்சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் தவறான அறிவுரைகளில் பெரும்பகுதி அதைப் பற்றிய அச்சத்திலிருந்து பிறக்கிறது. ஒர்க்டே, கிரீன்ஹவுஸ், எஸ்ஏபி சக்சஸ்ஃபேக்டர்ஸ், ஜோஹோ ரெக்ரூட் போன்ற விண்ணப்ப மேலாண்மை மென்பொருள்கள் உங்கள் கோப்பிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பெயர், நிறுவனம், பதவி, காலம், கல்வி, திறன்கள் எனத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகின்றன. பிறகு ஆள் தேர்வாளர் அந்தச் சேமிப்பில் சொற்களைக் கொண்டு தேடுகிறார். சில மென்பொருள்கள் விளம்பரத்தோடு பொருந்தும் அளவைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தியும் காட்டுகின்றன. '75 சதவீத ரெஸ்யூம்களை மனிதர் பார்ப்பதற்கு முன்பே கணினி குப்பையில் போட்டுவிடுகிறது' என்று சமூக ஊடகங்களில் சுற்றிவரும் கூற்றுக்கு நம்பத்தகுந்த ஆய்வு எதையும் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. உண்மையில் தானாக நிகழும் நிராகரிப்பு பெரும்பாலும் ரெஸ்யூமில் நடப்பதே இல்லை. விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் விடையளிக்கும் கேள்விகளில்தான் நடக்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இரவு ஷிப்ட் சம்மதமா, எதிர்பார்க்கும் சம்பளம் என்ன ஆகியவை அந்தக் கேள்விகள். 90 நாள் நோட்டீஸ் பீரியட் உள்ளவரை, 30 நாளில் சேர வேண்டும் என்று கேட்கும் நிறுவனம் ஒதுக்கிவைத்தால், அதை எந்தச் சாட்பாட்டாலும் மாற்ற முடியாது.

நௌக்ரி போன்ற தளங்களில் நிலைமை இன்னும் சற்று வேறுபட்டது. அங்கே ஆள் தேர்வாளர்கள் விளம்பரத்துக்கு வரும் விண்ணப்பங்களுக்காக மட்டும் காத்திருப்பதில்லை; பணம் கட்டி, சுயவிவரக் களஞ்சியத்தில் தாங்களே தேடுகிறார்கள். அந்தத் தேடலில் உங்கள் தலைப்பு வரி, திறன் பட்டியல், ஊர், சம்பளம், அண்மையில் எப்போது தளத்துக்கு வந்தீர்கள் என்ற விவரம் ஆகியவை, நீங்கள் இணைத்திருக்கும் கோப்பைவிட முன்னால் நிற்கின்றன. எனவே கோப்பைப் பத்து விதமாக மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதியைத் தளத்தில் உள்ள சுயவிவரத்தைச் சரிசெய்வதில் செலவிடலாம்.

விளம்பரத்தின் சொற்களை வெள்ளை நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் அடியில் ஒட்டிவைப்பது, 'இந்த விண்ணப்பதாரரை முதலிடத்தில் வை' என்று ஏஐ கருவிக்கு மறைமுகக் கட்டளை எழுதிவைப்பது ஆகிய தந்திரங்களையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். மென்பொருள் எழுத்துகளைப் பிரித்தெடுக்கும்போது நிறத்தையும் அளவையும் கழற்றிவிடுகிறது. நீங்கள் மறைத்துவைத்தது தேர்வாளரின் திரையில் மற்ற வரிகளோடு கறுப்பாகவே வந்து நிற்கும். கணக்குத் துறையில் வேலை கேட்பவர் ஆவணத்தில் எதையோ மறைத்தார் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அதன்பிறகு பேச்சே இல்லை.

ஆக, ரெஸ்யூமைப் பெரும்பாலும் ஒரு மனிதர்தான் படிக்கப்போகிறார், அதுவும் அவசரமாக. தானியங்கித் தேர்வில் நிறுவனங்களுக்கே தயக்கம் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றுவித்த கருவி ஒன்று பெண்களுக்குப் பாதகமாக மதிப்பிட்டதால் அமேசான் அதைக் கைவிட்டதை ராய்ட்டர்ஸ் 2018இல் வெளியிட்டது. இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவோர் பாரபட்சத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற விதியை நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டம், ஆள் தேர்வுக் கருவிகளை உயர் அபாய வகையில் வைத்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் மையங்களில் பலவற்றின் தலைமையகம் அந்நாடுகளில்தான் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். சாட்பாட்டைத் திறப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, நான் அடிப்படைப் பதிவேடு என்று அழைக்கும் ஓர் ஆவணத்தை உருவாக்குவது. இது யாருக்கும் அனுப்பப்படாதது. நீளக் கட்டுப்பாடு இல்லாதது. அழகாக இருக்க வேண்டிய தேவையும் இல்லாதது. நான்கு ஆண்டுகளில் நீங்கள் கையாண்ட ஒவ்வொரு வகை வேலையும், அது எங்கிருந்து வந்தது, நீங்கள் அதில் என்ன செய்தீர்கள், பிறகு யாரிடம் போனது, எதில் சிக்கல் வந்தது, மாத இறுதியில் எது உங்கள் பொறுப்பு என்பவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலோரின் ரெஸ்யூமில் 'பர்ச்சேஸ் என்ட்ரி, ஜிஎஸ்டி வேலை, டேலி தெரியும்' என்று மூன்று வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஏஐயும் நல்ல ரெஸ்யூம் எழுத முடியாது. எழுதினால் அதில் பெரும்பகுதி அதன் கற்பனையாகத்தான் இருக்கும்.

இந்தப் பதிவேட்டைத் தமிழிலேயே எழுதுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. தமிழ்வழியில் படித்தவர்கள் மட்டுமல்ல, ஆங்கிலத்தில் ஓரளவு நன்றாக எழுதுபவர்கள்கூட, வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவுடன் தாங்கள் செய்ததை விட்டுவிட்டுத் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத் தொடர்களுக்குள் ஒடுங்கிவிடுகிறார்கள். 'சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். ஒப்புக்கொண்ட கழிவு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் பில்லை அப்படியே பாஸ் செய்யாமல் டெபிட் நோட் போடுவேன்' (குறைந்த எடைக்கான தொகையைச் சப்ளையரின் கணக்கில் கழிக்கும் குறிப்பு அது) என்பது ஒரு முழுமையான, பெறுமதியுள்ள செய்தி. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அதே நபர் 'பில்களைச் சரிபார்த்தேன்' என்று முடித்துவிடுவார். இன்றைய சாட்பாட்கள் ஆங்கிலம் கலந்த பேச்சுத் தமிழையும், தங்கிலீஷில் தட்டச்சு செய்ததையும் போதுமான அளவு புரிந்துகொள்கின்றன. கைபேசியில் குரல் வழியாகவும் சொல்லலாம். எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்படாமல் கொட்டிவிடுங்கள்.

நீங்களாகச் சொல்ல ஆரம்பித்தால் சில நிமிடங்களில் சரக்கு தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். அங்கேதான் சாட்பாட் முதன்முதலாக உண்மையில் பயன்படுகிறது. அதனிடம் இவ்வாறு கேட்கலாம்: 'நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்முதல் கணக்குகளைப் பார்க்கிறேன். என் வேலையை முழுமையாகப் புரிந்துகொள்வதற்காக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்று என்னிடம் கேள். என் விடை பொதுவாக இருந்தால் ஓர் எடுத்துக்காட்டு கேள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. இப்போது ரெஸ்யூம் எழுத வேண்டாம்.' கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லையென்றால் இரண்டு கேள்விகளுக்குப் பிறகு அவசரப்பட்டு ரெஸ்யூமை நீட்டிவிடும். கேள்விகள் தொடர்ந்தால், சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களைக் காட்டி மாதந்தோறும் 14ஆம் தேதிவாக்கில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பில் ஏற்றாத சப்ளையர்களுக்குப் போன் செய்து ஏற்றவைப்பது, ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் சாயமிடுதல் போன்ற வேலை) பில்களில் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்க வேண்டிய வருமான வரி, பிடிப்பது, சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாட்களைத் தாண்டாமல் பணம் போகிறதா என்று பட்டியலிட்டு முதலாளியிடம் கொடுப்பது என்று நீங்கள் வேலையாகவே எண்ணாத பல வேலைகள் வெளியே வரும். தினமும் செய்வதால் அவை உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவைதான் தகுதி.

பதிவேடு முடிந்த பிறகு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமோடு சேர்த்து உடனே கொடுக்காமல், விளம்பரத்தை மட்டும் கொடுத்து, எவை கட்டாயத் தகுதிகள், எவை இருந்தால் நல்லது என்ற வகை, எவை எல்லா விளம்பரங்களிலும் வரும் வெற்றுச் சொற்கள் என்று பிரிக்கச் சொல்லுங்கள். 'குழுவாக இயங்கும் மனப்பான்மை, வேகமான சூழலில் பணியாற்றும் திறன்' போன்றவை மூன்றாம் வகை. அவற்றுக்காக ரெஸ்யூமில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. பிறகு கட்டாயத் தகுதிகள் ஒவ்வொன்றுக்கும் நேராக, உங்கள் பதிவேட்டிலிருந்து எந்தப் பகுதி சான்றாக அமைகிறது என்பதை உங்கள் சொற்களையே மேற்கோளாகக் காட்டி அட்டவணையிடச் சொல்லுங்கள். சான்று இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். மேற்கோள் காட்டச் சொல்வது கற்பனையைக் கட்டுப்படுத்தும் எளிய வழி: பதிவேட்டில் இல்லாத வரியை அது மேற்கோளாகக் காட்டினால் தேடிப் பார்த்தவுடன் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த அட்டவணையில்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பயன் இருக்கிறது. சென்னை மையங்களின் விளம்பரங்களில் 'த்ரீ-வே மேட்ச்' தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ஜிஆர்என், சப்ளையரின் இன்வாய்ஸ் ஆகிய மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துவது என்பதுதான் அது. நூல், பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி என்று வரும் ஒவ்வொரு பில்லுக்கும் திருப்பூரில் நீங்கள் அதையேதான் செய்கிறீர்கள். 'ஆர்டரோடும் இன்வேர்டோடும் ஒத்துப்பார்த்து பில் பாஸ் பண்ணுவது' என்று அங்கே சொல்கிறார்கள், அவ்வளவுதான். அதேபோல, சப்ளையரின் கணக்குக்கும் உங்கள் லெட்ஜருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சென்னை மையங்களில் 'வெண்டார் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷன்'. மாதக் கடைசியில் பில் வராத செலவுகளைப் பட்டியலிட்டு வைப்பது 'அக்ரூவல்'. சிறு நிறுவனத்தில் உழைத்துக் கற்றவர்கள் பெரிய நிறுவனத்தின் கதவருகே நின்றுவிடுவதற்கு, தங்கள் வேலைக்கு அங்கே வழங்கும் பெயர் தெரியாதது ஒரு பெருங்காரணம். ஆயிரக்கணக்கான விளம்பரங்களின் மொழியை உள்வாங்கிய ஏஐ இந்த இடத்தில் எந்தப் பயிற்சி நிறுவனத்தையும்விட வேகமாக உதவும். இப்படிச் செய்த வேலைக்கு உரிய பெயரைச் சூட்டுவதில் எந்தப் பொய்யும் இல்லை.

ஆனால் அதே அட்டவணையில், பெரிய நிறுவனங்கள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருளான எஸ்ஏபி என்று ஒரு வரி இருக்கும். உங்களிடம் டேலி மட்டுமே இருக்கிறது. இங்கே சாட்பாட்டின் இயல்பு வெளிப்படும். பொருத்தத்தை அதிகப்படுத்தச் சொன்னால், திறன் பட்டியலில் எஸ்ஏபியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடும், அல்லது 'எஸ்ஏபி உள்ளிட்ட ஈஆர்பி மென்பொருள்களில் அறிமுகம்' என்று வழுக்கலாக எழுதிவைக்கும். நேர்காணலில் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'பர்ச்சேஸ் ஆர்டர் உள்ள இன்வாய்ஸை எஸ்ஏபியில் எந்தக் குறியீட்டைத் தட்டி ஏற்றுவீர்கள், ஆர்டர் இல்லாததை எதில் ஏற்றுவீர்கள்' என்பதுதான். எம்ஐஆர்ஓ, எஃப்பி60 என்று சொல்ல ஒரு நொடி போதும், அந்தத் திரையில் வேலை செய்திருந்தால். செய்யாதவர் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் உண்மையாகச் செய்த வேலைகளையும் நான் ஐயத்தோடுதான் கேட்பேன். இந்தக் குறையை நேராக எதிர்கொள்வதே நல்லது. டேலியில் நீங்கள் செய்ததைத் தெளிவாக எழுதுங்கள், எஸ்ஏபி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தால் 'பயிற்சி நிலையில்' என்று எழுதுங்கள், எடுக்கவில்லையென்றால் எழுதாதீர்கள். எஸ்ஏபி இரண்டு மாதத்தில் கற்றுத்தரக்கூடியது, கணக்கில் கண் வைப்பது அப்படியல்ல என்பதை ஆள் எடுப்பவர்களில் பலர் அறிவார்கள். தொடக்கநிலை, இடைநிலைப் பணியிடங்களில் இதைத் தளர்த்துவதும் உண்டு.

எண்களுக்கும் இதே எச்சரிக்கை. சாதனைகளை எண்ணால் சொல்ல வேண்டும் என்ற அறிவுரையைச் சாட்பாட் எங்கும் படித்திருப்பதால், 'இன்வாய்ஸ் கையாளும் நேரத்தை 30 சதவீதம் குறைத்தார்' என்று யாரும் சொல்லாததை அது எழுதிவிடும். வேண்டுமென்றே செய்யும் மோசடி என்று அதைச் சொல்ல முடியாது. அடுத்து எந்தச் சொல் வருவது இயல்பாக இருக்கும் என்று கணித்து எழுதும் கருவிக்கு, அந்த இடத்தில் ஒரு சதவீதம் வருவது மிக இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்புபவர் நீங்கள். 'எதிலிருந்து எதுவாகக் குறைந்தது, எப்படி அளந்தீர்கள்' என்று கேட்டால் விடை இருக்க வேண்டும்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான எண்ணை எடுத்துக்கொடுங்கள் என்கிறேன். டேலியில் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்தால் எந்த வகை வவுச்சர் எத்தனை என்று காலவாரியாகக் காட்டும். மாதத்துக்குச் சராசரியாக எத்தனை கொள்முதல் பில்கள், எத்தனை சப்ளையர்கள், அவர்களில் ஜாப் ஒர்க் செய்பவர்கள் எத்தனை பேர் என்பவை சாதனை அல்லதான், ஆனால் வேலையின் அளவைக் காட்டுபவை, அதுவே எனக்குப் போதும். 'மாதம் ஏறத்தாழ 400 பில்கள்' என்ற வரியைப் படித்தவுடன், இவர் இதுவரை எவ்வளவு வேலையைக் கையாண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடிபட்டுவிடும். (400 என்பதை எடுத்துக்காட்டுக்குச் சொன்னேன், உங்கள் எண்ணை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.) அதே வேளையில், நிறுவனத்தின் மொத்த விற்பனை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பெயர், கொள்முதல் விலை போன்றவை உங்களுடைய தகவல்கள் அல்ல. அவை ரெஸ்யூமிலும் இருக்கக் கூடாது, சாட்பாட்டிடமும் போகக் கூடாது. உங்கள் ஆதார், பான், பிறந்த தேதி, தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றையும் நீக்கிவிட்டே ஒட்டுங்கள். வரிகளைத் திருத்த அவை எதுவும் தேவையில்லை. உரையாடல்களை ஏஐயின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வு இந்தச் செயலிகளின் அமைப்புகளில் இருக்கும். அதை அணைத்துவைப்பதும் நல்லது.

பதவிப் பெயரும் தேதிகளும் தனி எச்சரிக்கைக்கு உரியவை. விளம்பரத்தில் 'சீனியர் அனலிஸ்ட்' என்றிருந்தால், உங்கள் 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்' பதவியைச் சாட்பாட் 'அக்கவுண்ட்ஸ் பேயபிள் ஸ்பெஷலிஸ்ட்' என்று உயர்த்திவிடக்கூடும். இரண்டு வேலைகளுக்கு இடையில் இருந்த ஐந்து மாத இடைவெளியை மாதங்களை நீக்கி ஆண்டுகளை மட்டும் எழுதி மறைத்துவிடக்கூடும். இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் சேர்ப்பதற்கு முன்போ சேர்ந்தவுடனோ பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. பணி விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு, உங்கள் யூஏஎன் எண்ணின் கீழ் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் பதிவாகியிருக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதிகளையும் கேட்கிறார்கள். பதவிப் பெயர் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்; வேலையின் தன்மையை அதற்குக் கீழே உள்ள வரிகள் சொல்லும். மேலும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வடிவம் அனுப்பும்போது நௌக்ரி, லிங்க்ட்இன், அனுப்பிய கோப்பு ஆகிய மூன்றிலும் தேதிகளும் பதவியும் முரண்படாமல் இருக்க வேண்டும். இவற்றைச் சாட்பாட் தொடவே கூடாது என்று கட்டளையிலேயே எழுதிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் எழுதச் சொல்ல வேண்டும். நான் பரிந்துரைக்கும் கட்டளையின் சாரம் இது: 'மேலே உள்ள அட்டவணையில் சான்று உள்ளவற்றை மட்டும் கொண்டு, இப்போதைய வேலைக்கு ஆறு வரிகள் ஆங்கிலத்தில் எழுது. விளம்பரத்தின் கட்டாயத் தகுதிகளுக்கு விடையாக அமைபவை முதலில் வரட்டும். ஒவ்வொரு வரியும் நான் செய்த செயலில் தொடங்கட்டும். எளிய ஆங்கிலம் போதும். நேர்காணலில் நான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொற்களையே பயன்படுத்து. நிறுவனப் பெயர், பதவி, தேதி, எண்கள் எதையும் மாற்றாதே.' இதற்குக் கிடைக்கும் வரி, தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்: 'நூல், துணைப்பொருள் சப்ளையர்களின் இன்வாய்ஸ்களைப் பர்ச்சேஸ் ஆர்டரோடும் ஜிஆர்என்னோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், சாயமிடும் பணியில் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டிய எடைக்குறைவுக்கு டெபிட் நோட் எழுப்பினேன்.' கட்டளை எதுவும் இல்லாமல் கேட்டால் கிடைப்பது: 'முடிவுகளை நோக்கமாகக் கொண்ட நிதி வல்லுநர், செலுத்துதல் நடைமுறைகளை முன்னின்று வழிநடத்தி, செயல்திறனை உச்சப்படுத்தி, பங்குதாரர்களிடையே ஒத்திசைவை உருவாக்கினார்.' இரண்டாவது வரி எந்த ஊரில், எந்தத் தொழிலில், யார் செய்த வேலைக்கும் பொருந்தும். ஒரே விளம்பரத்துக்கு வரும் விண்ணப்பங்களில் அந்த வரி பல பெயர்களின் கீழ் என் முன் வருகிறது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே விடை. ரெஸ்யூமைப் போன்ற சிறுசிறு வரிகளில் ஏஐயைக் கண்டறியும் கருவிகளை நம்ப முடியாது. என்னைப் போன்றவர்கள் அவற்றை நாடுவதும் இல்லை. ஏஐ உதவியது என்பதற்காக யாரையும் ஒதுக்கியதும் இல்லை. ஒன்றுமே சொல்லாத ரெஸ்யூமைத்தான் ஒதுக்குகிறோம், அதை எழுதியது மனிதராக இருந்தாலும். விண்ணப்பத்தில் ஏஐ பயன்படுத்தக் கூடாது என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அதை மதித்து நடந்துகொள்ளுங்கள். எழுத்துக்கு உதவி பெறுவதால் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழி வேலைத் தளம் ஒன்றில் ஏறத்தாழ 5 லட்சம் பேரை வைத்துச் சோதித்தபோது, ரெஸ்யூம் எழுதக் கணினி உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 8 சதவீதம் கூடுதலாகப் பணியமர்த்தப்பட்டார்கள். அந்தக் கருவி செய்தது எழுத்துப்பிழை, இலக்கணம், சொல்லாட்சி ஆகியவற்றைத் திருத்தியது மட்டுமே. ஒருவருடைய அனுபவத்தை அது இட்டுக்கட்டவில்லை.

எளிய ஆங்கிலத்தை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுக் குழுக்களோடு பேச வேண்டிய வேலை என்பதால் முதல் சுற்று தொலைபேசியில் ஆங்கிலத்தில் நடக்கும். ரெஸ்யூமின் ஆங்கிலத்துக்கும் பேச்சின் ஆங்கிலத்துக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால், சுமாரான ரெஸ்யூமோடு வந்திருந்தால் கிடைத்திருக்கும் மதிப்பைக்கூட அது குறைத்துவிடும்.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே நெடுவரிசை அமைப்பு, படங்களும் அட்டவணைப் பெட்டிகளும் இல்லாத வேர்ட் கோப்பு அல்லது அதிலிருந்து உருவாக்கிய பிடிஎஃப் போதும். கேன்வா வடிவமைப்புத் தளத்தின் இரட்டை நெடுவரிசை வடிவங்கள் பார்க்க அழகாக இருந்தாலும் எழுத்துகளைப் பிரித்தெடுக்கும்போது இடமும் வலமும் கலந்துவிடக்கூடும். கோப்பிலுள்ள அனைத்தையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசையாகப் படிக்க முடிந்தால் மென்பொருளாலும் படிக்க முடியும். சாட்பாட்டிலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வரும் நட்சத்திரக் குறிகளை நீக்க மறக்காதீர்கள். அப்படியே அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். தந்தை பெயர், மதம், திருமண நிலை, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி ஆகியவற்றுக்கு இந்த வகை நிறுவனங்களில் தேவை இல்லை.

புதிதாகப் பட்டம் பெற்ற உங்கள் தம்பியும் இதையே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்ற வகை நிபந்தனைகள் வளாகத் தேர்வுகளில் ரெஸ்யூமைப் படிப்பதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகின்றன. அவற்றைத் தாண்டியவருக்குச் சாட்பாட் பயன்படும் ஓரிடம், இறுதியாண்டு பிராஜெக்ட். நான்கு பேர் சேர்ந்து செய்த பிராஜெக்டில் தான் எழுதிய பகுதி எது, அதில் எது சரியாக வரவில்லை, அதை எப்படிச் சரிசெய்தார் என்று அதனிடம் கேள்விகள் கேட்கச் சொல்லி, அந்த விடைகளிலிருந்து இரண்டு வரிகள் எழுதினால் போதும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதில் பலர் அளவு மீறுகிறார்கள். மேலே உள்ள சுருக்கம், திறன் பட்டியலின் வரிசை, இப்போதைய வேலையின் முதல் மூன்று நான்கு வரிகள் ஆகியவற்றை மாற்றினால் போதும். கல்வியும் பழைய வேலையும் அப்படியே இருக்கலாம். ஒரே வகைப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டாவது மூன்றாவது விளம்பரத்துக்குப் பிறகு மாற்ற வேண்டியதே சில சொற்கள்தான் என்பதைக் காண்பீர்கள். விளம்பரத்தோடு எத்தனை சதவீதம் பொருந்துகிறது, நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று சாட்பாட்டிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்த எண் எந்த நிறுவனத்தின் மென்பொருளிலிருந்தும் வருவதில்லை. இன்னொரு முறை கேட்டால் வேறொன்று சொல்லும்.

அந்த நேரத்தில், முடித்த ரெஸ்யூமைப் புதிய உரையாடல் ஒன்றில் கொடுத்து, 'நீ இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளர். ஒவ்வொரு வரியிலும் உனக்கு ஐயம் எழும் இடத்தில் ஒரு கேள்வி கேள்' என்று சொல்லுங்கள். வரும் கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்லிப் பாருங்கள். விடை சொல்ல முடியாத வரியை எடுத்துவிடுங்கள் அல்லது சொல்லக்கூடிய அளவுக்குக் குறைத்து எழுதுங்கள். எந்த நிறுவனத்துக்கு எந்த வடிவத்தை அனுப்பினீர்கள் என்பதைத் தேதியோடு சேமித்துவைப்பதோடு, விளம்பரத்தின் முழு வாசகத்தையும் அதே கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள். அழைப்பு வரும் நேரத்தில் அந்த விளம்பரம் தளத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கும். தொலைபேசியில் பேசுபவர் அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்.